894.811-க்கு ஒரு விண்ணப்பம்

விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்த அன்று பெயர், அடையாள அட்டை எண், பட்டம், தேர்ச்சிப் புள்ளி எல்லாவற்றையும் பத்து நிமிடத்தில் எழுதிவிட்டேன். கடைசியில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. இந்தத் துறையை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று விளக்க வேண்டுமாம். அந்த ஒரு கட்டத்தை நிரப்ப எனக்கு மூன்று வாரம் பிடித்தது.

நான் விண்ணப்பித்தது மலாயாப் பல்கலைக்கழகத்தின் நூலக, தகவல் அறிவியல் முதுகலைப் பட்டப்படிப்புக்கு. 1987-இல் தொடங்கப்பட்ட படிப்பு அது. நம் மிண்டன் வளாகத்தில் வரலாறு படித்து முடித்த கையோடு ஆசிரியர் பயிற்சிக்குப் போவேன் என்றுதான் வீட்டில் நினைத்திருந்தார்கள். பட்டர்வொர்த்தில் ஒரு கிடங்கில் போர்க்லிப்ட் ஓட்டும் அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"புத்தகத்த எடுத்து அலமாரியில அடுக்குறதுக்கு மூணு வருசம் படிச்சது பத்தலையா? அதுக்கு மேல ஒரு பட்டமா?" என்று கேட்டார்.

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார். எனக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை.

இதே தயக்கம் நூலகவியலின் தந்தை என்று இந்தியா போற்றும் எஸ்.ஆர். ரங்கநாதனுக்கே இருந்தது என்பதைப் பிறகு படித்தபோது ஆறுதலாக இருந்தது. 1892-இல் சீர்காழியில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற சில நாட்களிலேயே, பேச ஆளில்லாத அந்த வேலை பிடிக்காமல், மறுபடியும் வகுப்பறைக்கே அனுப்பிவிடுங்கள் என்று கேட்டிருக்கிறார். முதலில் லண்டன் போய் நூலகங்களைப் பார்த்துவிட்டு வா, அப்போதும் பிடிக்காவிட்டால் உன் பழைய வேலை உனக்குத்தான் என்று சமாதானம் சொல்லி அனுப்பினார்கள். போனவர் கணிதத்துக்குத் திரும்பவே இல்லை. லண்டன் கடையொன்றில் ஒரே மெக்கானோ துண்டுகளைக் கொண்டு விதவிதமான பொம்மைகளைக் கோத்துக் காட்டியதைப் பார்த்து, அறிவுத் துறைகளையும் அப்படித் துண்டுகளாகப் பிரித்துக் கோக்கலாமே என்று எண்ணினார். கோலன் பகுப்பு முறை 1933-இல் நூலாக வந்தது. அதற்கு முன்பே, 1931-இல், நூலகவியலின் ஐந்து விதிகளை வெளியிட்டிருந்தார். ஒவ்வொரு நூலும் தனக்குரிய வாசகரைச் சென்றடைய வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று.

அந்த விதி எவ்வளவு கடினமானது என்பதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. இரண்டாம் ஆண்டில் கைச்செலவுக்காக ஒரு நூலகத்தில் பகுதிநேர வேலை பார்த்தேன். திரும்பி வந்த நூல்களை எண் பார்த்து அடுக்க வேண்டும். தமிழ் இலக்கியத்தின் எண் 894.811. மெல்வில் டூயி என்ற அமெரிக்கர் 1876-இல் வெளியிட்ட பகுப்பு முறையில் அமெரிக்க இலக்கியத்துக்கு 810, ஆங்கில இலக்கியத்துக்கு 820 என்று முழு வரிசைகள் உண்டு. நம் ஈராயிரம் ஆண்டு இலக்கியமோ 'ஏனைய மொழிகள்' என்ற 890-க்குள், புள்ளிக்குப் பின்னால் மூன்று இலக்கங்களோடு ஒரு மூலையில் நிற்கிறது. முதலில் எனக்கு வருத்தம்தான். போகப் போக அந்த எண்ணைக் கண்டாலே நம் வீட்டுக் கதவு எண்ணைக் கண்டதுபோல் ஒரு பாசம் வந்துவிட்டது.

ஒருநாள் ஒரு தங்கை வந்து, அகிலனின் 'பால்மரக் காட்டினிலே' இங்கே இல்லையாம் அண்ணா, கணினி இல்லை என்று சொல்கிறது என்றார். எனக்கோ அந்த நூலைக் காலையில்தான் அடுக்கிய நினைவு. பட்டியலில் தமிழ் நூல்களின் பெயர்கள் ரோமன் எழுத்தில் இருந்தன. 'பா' என்பதற்கு அங்கே ஒரே ஒரு 'ஏ'. தங்கையோ நாம் கைத்தொலைபேசியில் எழுதும் வழக்கப்படி இரண்டு 'ஏ' போட்டுத் தேடியிருக்கிறார். நாம் 'ழ'கரத்துக்கு 'இசட்-எச்' போடுகிறோம். பட்டியலில் அடிக்கோடிட்ட 'எல்'. புத்தகம் இருபது அடி தூரத்தில் இருக்கிறது, ஓர் எழுத்து அதை இல்லாமல் ஆக்கிவிட்டது. அடுக்குவது மட்டும் வேலையில்லை என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

ஆனால், இதையெல்லாம் அந்தக் கட்டத்தில் எழுதியபோது ஏதோ பொய் சொல்வதுபோல் இருந்தது. இரண்டு முறை எழுதி அழித்தேன். உண்மையான காரணம் வேறு. அதை எழுத எனக்கு வெட்கமாக இருந்தது.

என் தாத்தா லெபோ பாசாரில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதியவர். பத்திரிகை நறுக்குகள், கோயில் திருவிழா மலர்கள், ஊர்ச் சங்கங்களின் ஆண்டு மலர்கள், நாடக நோட்டீசுகள் எல்லாவற்றையும் பிஸ்கட் டின்களிலும் கயிறு கட்டிய கட்டுகளிலும் சேர்த்து வைத்திருந்தார். அவர் இறந்த பிறகு நாங்கள் சிறிய அடுக்குமாடி வீட்டுக்கு மாறினோம். இடமில்லை. பழைய பேப்பர் லாரி வந்தது. எனக்கு அப்போது பதின்மூன்று வயது. நான்காவது மாடியிலிருந்து அந்தக் கட்டுகளை இறக்கியவன் நான்தான். நிறுத்துப் பார்த்து இருபத்து மூன்று ரிங்கிட் கொடுத்தார்கள். அன்றிரவு அந்தப் பணத்தில் மீ கோரேங் வாங்கிச் சாப்பிட்டோம். ருசியாகத்தான் இருந்தது.

மூன்றாம் ஆண்டு ஆய்வேட்டுக்காகப் பினாங்குத் தமிழர் சங்கங்களைப் பற்றித் தேடியபோது, ஒரு பழைய கட்டுரையின் அடிக்குறிப்பில் ஓர் ஆண்டு மலரின் பெயரைக் கண்டேன். அட்டையில் குத்துவிளக்குப் படம் போட்ட மலர். நான் தூக்கி இறக்கிய கட்டில் மேலாக இருந்தது அதுதான். நான் தேடிய எந்த நூலகத்திலும் அது இல்லை. ஜார்ஜ்டவுனில் நூலகம் தோன்றியது 1817-இல். இவ்வளவு பழைய நூலக மரபுள்ள ஊரில், நம்மவர்கள் அச்சிட்ட ஒரு மலருக்கு ஒரு பிரதி மிஞ்சவில்லை.

1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அதற்காக இன்றும் அழுகிறோம்; அழத்தான் வேண்டும். என் வீட்டில் தீ வைக்க யாரும் வரவில்லை. நாங்களே படியிறங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தோம். தமிழ்நாட்டின் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனிமனிதர் இப்படிச் சேர்த்தவைதாம், அவர் 1992-இல் மறைந்த பின் காப்பாற்றப்பட்டு, 1994-இல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமாயின. தாத்தாவின் டின்கள் அவ்வளவு பெரியவை அல்ல. ஆனால் அவற்றில் பினாங்கு இருந்தது.

மூன்றாவது முறை இதை மட்டும் எழுதினேன். அனுப்பும் முன் அப்பாவுக்குத் தமிழில் சொல்லிக் காட்டினேன். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அந்த லாரிக்காரன் அதெல்லாம் எங்க கொண்டுபோய்ப் போட்டிருப்பான்?" என்று கேட்டார். விண்ணப்பக் கட்டணத்தை அவரே கொடுத்தார்.

இடம் கிடைத்துவிட்டது. அடுத்த பருவத்தில் கோலாலம்பூர் செல்கிறேன். படித்து முடித்தால் வேலை உறுதியா என்று உறவினர்கள் கேட்கிறார்கள். உறுதியில்லை என்றே சொல்கிறேன்.

தம்பி தங்கைகளே, முன்னாள் மாணவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். நம் நாட்டில் 1986-ஆம் ஆண்டின் நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டப்படி, அச்சிடும் நூலில் ஐந்து பிரதிகளைத் தேசிய நூலகத்துக்குக் கொடுக்க வேண்டும். நாம் போடும் மலர்களுக்கு அதைச் செய்கிறோமா? ஆண்டு, இடம், வெளியிட்டோர் பெயர் ஆகியவற்றை முதல் பக்கத்தில் தெளிவாக அச்சிடுகிறோமா? வீட்டில் தாத்தா பாட்டி வைத்திருக்கும் கட்டுகளை ஒருமுறை அவிழ்த்துப் பார்த்தோமா?

நீங்கள் கையில் வைத்திருப்பதும் ஓர் ஆண்டு மலர்தான். வீடு மாறும் நாளில் இதைப் படியிறக்கும் முன் ஒரு கணம் நில்லுங்கள். உங்களுக்கு வேண்டாமென்றால் எனக்கு அனுப்பிவிடுங்கள். வைக்க வேண்டிய எண் எனக்குத் தெரியும்.