செப்பேடும் நிழற்படமும்

நெடுங்காலம் நிலைபெற வேண்டுவனவற்றை உலோகத்தினிடம் ஒப்புவித்தல் நம் முன்னோர் கைக்கொண்ட வழக்கமாகும். அன்றாடக் கணக்கும் கடிதமும் பனையேட்டில் எழுதப்பட்டன. அரசர் அளித்த நிலக்கொடையோ, தலைமுறை பல கடந்தும் சான்று பகர வேண்டியதாகலின், செப்புத் தகட்டில் வெட்டப்பட்டது. எட்டாம் நூற்றாண்டிற் பாண்டியன் நெடுஞ்சடையன் வழங்கிய வேள்விக்குடிச் செப்பேடு, முன்னொரு வேந்தன் ஈந்து இடையே பறிபோன ஊர் மீட்டளிக்கப்பட்ட செய்தியை இன்றும் நமக்கு உரைக்கின்றது. துன்பத்துள் ஆழ்ந்த யோபுவும் தம் சொற்கள் இருப்பெழுத்தாணி கொண்டு பாறையிற் பொறிக்கப்படுதல் வேண்டுமென விழைந்தனர் எனத் திருமறை கூறும். ஆதலின், அன்புடையார் ஒருவரின் உருவத்தை உலோகத் தகட்டிற் பதித்து வைக்க விழைதல் புதுமையன்று. பழைய விழைவே புதுக்கோலம் பூண்டு வந்துளது.

நிழற்படக் கலை பிறந்ததும் உலோகத்தின்மீதே என்பதை நம்மிற் பலர் நினைவுகூர்வதில்லை. பிரெஞ்சு நாட்டினராகிய நியெப்ஸ் என்பார், 1826 அல்லது 1827ஆம் ஆண்டில், வெள்ளீயக் கலவைத் தகடொன்றின்மேல் நிலக்கீலைப் பூசித் தம் வீட்டுச் சாளரத்தின் வழித் தோன்றிய காட்சியை அதன்கண் நிறுத்தினர். 1839இல் உலகறிய வெளிப்பட்ட தாகேரின் முறையிற் படம் வெள்ளி முலாம் பூசிய செப்புத் தகட்டில் அமைந்தது. 1856இல் அமெரிக்க நாட்டிலே ஹாமில்ட்டன் ஸ்மித் என்பார் இரும்புத் தகட்டுப் படத்திற்கு உரிமை பெற்றனர். ஒரு மறுபடியிலிருந்து பல படிகள் எடுக்கலாகும் எளிமையினாலே தாள் பின்னர் வென்றது. இப்பொழுது அலுமினியத் தகட்டின் வடிவில் உலோகம் மீண்டும் வந்து, ‘மெட்டல் பிரிண்ட்’ என்னும் பெயருடன் கடைத்தெருவில் உலவுகின்றது.

நிற்க. இப்பொருளை யாம் ஆராயப் புகுந்ததற்குக் காரணம் உண்டு. எம் ஆச்சியார் மறைந்து 6 ஆண்டுகள் ஆகின்றன. அவர் தனித்து நிற்கும் படம் எம் இல்லத்தில் ஒன்றே உளது. 1974ஆம் ஆண்டு அசனப் பண்டிகையன்று எம் ஊர்த் திருக்கோயிலின் முன்னர் எடுக்கப்பெற்ற கருப்பு வெள்ளைப் படம் அது. அகலம் 4 அங்குலம், நீளம் 6 அங்குலம். எம் ஊரோ கடலுக்கு அரைக்கல் தொலைவினது. உப்புக்காற்றும் மழைக்கால ஈரமும் சேர்ந்து அத்தாளிற் பூஞ்சணப் புள்ளிகளை விளைத்துவிட்டன. சேலையின் கரை முற்றும் மங்கியது. தோளிலும் புள்ளிகள் ஏறின. முகத்தில் இரண்டொன்று இப்பொழுதுதான் தலைகாட்டுகின்றன. இஃது ஒருபுறமாக, 82 அகவையினராகிய எம் பாட்டனாரின் பார்வை கண்ணீர் அழுத்த நோயினால் ஆண்டுதோறும் குறுகி வருகின்றது. எஞ்சிய பார்வையைக் காக்கலாமேயன்றி இழந்ததை மீட்டல் இயலாதென மருத்துவர் உரைத்தனர். படமும் மங்குகின்றது, பார்க்கும் கண்ணும் மங்குகின்றது. இரண்டும் முற்ற மறையுமுன் அம்முகத்தைப் பெரிதாகவும் தெளிவாகவும் அவர் கண்முன் வைத்தல் வேண்டும் எனத் துணிந்தோம். உதவித்தொகையில் மிச்சம் பிடித்த பணம் ஒரு முறைக்கே போதுவது. ஆகவே, எந்நிலையத்தில் கொடுப்பது என்பதை நன்கு தேர்ந்து தெளிய வேண்டியதாயிற்று.

முதற்கண் யாம் அறிந்தது, ஒரு பெயரால் மூன்று பொருள்கள் விற்கப்படுகின்றன என்பதாம். தாளிலோ பிளாஸ்டிக் தாளிலோ அச்சிட்டு, இரு மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கிடையே பிளாஸ்டிக் வைத்த ‘ஏ.சி.பி.’ பலகையின்மேல் ஒட்டித் தருவது ஒன்று. தகட்டின்மேல் நேரே மையைத் தெளித்துப் புறவூதாக் கதிரால் உலர்த்துவது மற்றொன்று. இதன்கண் மை மேலே படிந்து நிற்றலின், உராய்வு நேரின் பெயர்தல் கூடும். மூன்றாவதே இவற்றுட் சிறந்ததென யாம் கண்ட முறை. தனிப்பூச்சுப் பெற்ற அலுமினியத் தகடு அதற்கு வேண்டும். ‘குரோமாலக்ஸ்’ என்னும் பெயரால் விற்கப்படுவது அவ்வகைத் தகடுகளுள் ஒன்று. படத்தை முதலில் இடவலம் மாற்றித் தாளில் அச்சிட்டு, அத்தாளைத் தகட்டின்மேல் வைத்து, ஏறத்தாழ 200 பாகை வெப்பத்தில் அழுத்துவர். கற்பூரம் உருகாமலே ஆவியாவது போலச் சாயமும் பதங்கமாகி ஆவி வடிவிற் பூச்சினுள் நுழைந்து, வெப்பம் தணிந்தபின் அங்கேயே தங்கிவிடும். எனவே, படம் தகட்டின்மேல் ஒட்டியதாகாது பூச்சினுள் ஊறியதாகின்றது. ‘இம்மூன்றனுள் நீவிர் செய்வது யாது?’ என வினவுங்கால் தெளிவாக விடையிறாத நிலையம் விலக்கத்தக்கது.

அடுத்துத் தகட்டின் தன்மையை ஆராய்தல் வேண்டும். வெண்ணிற அடிப்பூச்சுடைய தகடு, தாளிற்போலவே வெண்மையை வெண்மையாகக் காட்டும். அவ்வடிப்பூச்சு இல்லாத தகட்டிலோ, படத்தில் வெண்மை இருக்கவேண்டிய இடமெல்லாம் உலோகத்தின் வெள்ளிநிறம் மினுங்கும். நீர்நிலைக்கும் வானூர்திக்கும் அது அழகு தரலாம். மனித முகத்திற்குப் பொருந்தாது. மேற்பரப்பிலும் பளபளப்பானதும் மங்கலானதும் எனப் பிரிவுண்டு. பளபளப்பானதிற் கருமை ஆழ்ந்து தோன்றும். ஆயின் எதிரேயுள்ள சாளரமும் விளக்கும் அதனுள் எதிரொளிக்கும். எம் பாட்டனார் அமரும் நாற்காலி வாயிலை அடுத்துளது. ஒளிக்கூச்சம் அவர் கண்ணுக்குப் பெரும்பகை. ஆதலின், கடைக்காரர் மேசைமீது பளபளப்பே வென்றதாயினும், எம் வீட்டுச் சுவருக்கு மங்கலானதே தக்கதெனக் கொண்டோம்.

அளவும் எண்ணிப் பார்த்தற்குரியது. 4 அங்குலமும் 6 அங்குலமும் உள்ள படத்தை அங்குலத்திற்கு 600 புள்ளி வீதம் ஸ்கேன் செய்தால், 2400க்கு 3600 புள்ளிகள் கிடைக்கும். அதனை 12க்கு 18 அங்குலத் தகட்டில் விரித்தால் அங்குலத்திற்கு 200 புள்ளிகள் அமையும். சில அடி தொலைவில் நின்று நோக்குவார்க்கு அது போதும். 24க்கு 36 அங்குலமாக்கின் 100 புள்ளிகளே எஞ்சும். மேலும் நுண்ணிதாக ஸ்கேன் செய்து எண்ணிக்கையைப் பெருக்கலாமே எனின், பழைய தாளில் இல்லாத நுட்பம் எண்ணிக்கையால் வந்துவிடாது. யாம் வினவிய நிலையங்களுள் ஒன்று, பெரிய அளவினையே வாங்குமாறு வற்புறுத்தியதன்றி, இக்கணக்கை வாய்திறந்து கூறவில்லை.

இறுதியாக மூன்று நிலையங்களைத் தேர்ந்து, ஆச்சியாரின் முகப்பகுதியை மட்டும் சிறு தகட்டில் மாதிரியாக அச்சிட்டுத் தருமாறு ஒவ்வொன்றினும் வேண்டினோம். பூஞ்சணப் புள்ளிகளை நீக்கவும் கூறினோம். முதல் நிலையத்து மாதிரியிற் கருப்பு வெள்ளைப் படம் பசுமை சார்ந்து தோன்றியது. வண்ணச் சாயங்களைக் கலந்தே சாம்பல் நிறத்தை ஆக்குதலின், அச்சுப்பொறி செவ்வனே அளவிட்டமைக்கப்படாவிடின் இக்குறை நேரும். கருப்பு வெள்ளை மாதிரி கேட்டுப் பார்த்தல் ஒரு நிலையத்தின் திறனை அளக்கும் நல்ல உரைகல் என அன்று கண்டோம்.

இரண்டாம் நிலையத்து மாதிரியில் நிறத்திற் குறையில்லை; தெளிவும் மிக்கிருந்தது. ஆனால் எம் ஆச்சியாரின் கருமேனி வெளுத்திருந்தது. கன்னத்துக் கோடுகள் மறைந்திருந்தன. இளமையிற் கிணற்றுருளை கழன்று பட்டதனால் இடப்புருவத்தின்மேல் அமைந்த வடுவும் பூஞ்சணத்தோடு சேர்த்துத் துடைக்கப்பட்டிருந்தது. எம் பாட்டனார் அத்தகட்டைக் கையில் வாங்கி, கண்ணுக்கு அணித்தாகக் கொணர்ந்து, நெடுநேரம் நோக்கி, “இது யார் வீட்டுப் பெண், ஐயா?” என வினவினார். நிலையத்தாரிடம் இதனைத் தெரிவித்தபொழுது, எல்லோரும் இங்ஙனமே விரும்புகின்றனர் எனவும், இதற்குத் தனிக்கட்டணம் இல்லை எனவும் விடை வந்தது.

மூன்றாம் நிலையத்திலிருந்து மாதிரி வருமுன் தொலைபேசி அழைப்பு வந்தது. “இடப்புருவத்தின்மேல் ஒரு கோடு உள்ளது, அது தாளில் விழுந்த குறையா, அம்மா முகத்திலேயே இருந்ததா?” என அவர்கள் கேட்டனர். அந்நிலையத்தின் கட்டணம் ஏனையவற்றினும் காற்பங்கு மிகுதி. நாளும் 12 வேண்டும் என்றனர். ஆயினும் அவ்வொரு வினாவைக் கேட்ட அளவிலேயே எம் உள்ளம் துணிந்துவிட்டது.

தமிழிலக்கியம் பயில்வார்க்கு இதன் காரணம் விளங்காமற் போகாது. ஏட்டுச்சுவடியைப் பதிப்பிப்பவர் முன்னும் இவ்வினாவே நிற்கின்றது. செல்லரித்த துளை எது, எழுதினோன் பிழை எது, புலவன் சொல் எது எனப் பிரித்தறிதலே அவர்தம் பெருங்கடன். 1894இற் புறநானூற்றை அச்சேற்றிய உ. வே. சாமிநாதையரவர்கள் சிதைந்த அடிகளைத் தாமே பாடி நிரப்பினாரல்லர். சிதைந்தவை சிதைந்தனவாகவே நின்றன. கிடையாத 267, 268ஆம் பாட்டுக்களுக்கு இன்றும் எண் மட்டுமே நிற்கின்றது. வெற்றிடத்தை வெற்றிடமாக விடுதற்கும் புலமை வேண்டும். தெரியாவிடத்துக் கேட்டறியாது தம் மனம்போல் அழகு செய்பவர், ஏட்டிலாயினும் முகத்திலாயினும், காப்பவர்போலத் தோன்றி அழிப்பவராவர்.

முழுப்படம் வந்தபொழுது பாட்டனார் பெரிதும் பேசவில்லை. புருவத்தருகே விரலை வைத்து, “வடு இருக்கிறது” என்று மட்டும் கூறினார்.

இனி, உலோகம் என்றதனால் அழியாதது என மயங்கற்க. அலுமினியம் இரும்பைப்போலத் துருவேறாதெனினும், உப்புக்காற்றில் வெறுமையான விளிம்பு அரிக்கப்படலாம். சாயமும் நேர்வெயிலில் நாளடைவில் வெளிறும். ஆதலின் வெயில்படாச் சுவரையே தேர்ந்து, தகட்டிற்கும் சுவருக்கும் இடையே காற்றுப்புக இடம்விட்டு மாட்டினோம். தகட்டின் தடிமன் ஒரு மில்லிமீட்டரினும் சிறிதே மிகுந்ததாகலின், வழியில் மூலை வளைதல் எளிது. மூலைக்காப்பிட்டுக் கட்டியனுப்புவரா என முன்னரே கேட்டுக்கொள்ளல் நலம். பழைய தாட்படத்தையும் எறிந்துவிடலாகாது. மூலவோலை இருந்தாலன்றிப் பதிப்பின் பிழையைத் திருத்த வழியில்லை. அதனைப் பெட்டியில் ஈரமின்றி வைத்து, ஸ்கேன் செய்த கோப்பை ஈரிடத்திற் சேமித்துள்ளோம்.

நம் கல்லூரி மாணவர் பலர் இல்லங்களிலும் இத்தகைய ஒற்றைப் படங்கள் இருத்தல் கூடும். வரும் மழைக்கு முன்னரே அவற்றை எடுத்துப் பாருங்கள். நிலையத்தைத் தேருங்கால் விலையையும் பளபளப்பையும் வினவுதலோடு அமையாது, அவர்கள் உங்களிடம் யாது வினவுகின்றனர் என்பதையும் செவிகொடுத்துக் கேளுங்கள். அம்முகத்தை அறிந்தவர் உங்கள் இல்லத்தில் இன்னும் இருப்பாராயின், மாதிரியை முதலில் அவர் கையிற் கொடுங்கள்.