மணலூரில் ஒரு ஸலாம்

கி.பி. 1344-ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்த உலகப் பயணி இப்னு பதூதா, பாவா ஆதம் மலையில் ஏறி இறங்கிய பின் தென்கரைக்கு வந்து, தீனவர் என்னும் பட்டினத்தையும் காலி என்னும் சிற்றூரையும் கண்டு, கொழும்பை நோக்கிச் சென்றார். காலியில் தமக்கு விருந்தளித்தவர் மரக்கலத் தலைவர் இப்ராஹீம் என்று பெயர் சுட்டி எழுதியுள்ளார். ஒரு வேளை விருந்தளித்தவரின் பெயர் ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளாக ஏட்டில் நிற்கிறது. அதே கரையில் ஆண்டுக்கணக்கில் புடவைக்கடை நடத்தி அங்கேயே கண்மூடிய என் பாட்டனாரின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

2023 ஜனவரியில் கொழும்பில் நிகழ்ந்த கருத்தரங்கிற்கு நான் புறப்பட்டபோது, எண்பது வயதைக் கடந்த வாப்பா கேட்டுக்கொண்டது ஒன்றே: “வெலிகாமத்துப் பள்ளிக்குப் போய், மையவாடியில் ஒரு ஸலாம் சொல்லிவிட்டு வா.” பாட்டனார் காய்ச்சலில் காலமானது 1946-இல். நல்லடக்கம் முடிந்து மூன்றாம் நாள்தான் கீழக்கரைக்குத் தந்தி வந்ததாம். அப்போது வாப்பாவுக்கு ஆறு வயது.

கருத்தரங்கு முடிந்த மாலை, கொழும்பு அருங்காட்சியகத்தில் காலி மும்மொழிக் கல்வெட்டைக் கண்டேன். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ கொணர்ந்த கல் அது. 1409-ஆம் ஆண்டு நாளிடப்பட்டது. சீன மொழிப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தென்னாவர நாயனாருக்கும், பாரசீகப் பகுதி அல்லாஹ்வுக்கும் காணிக்கைகளைப் பட்டியலிடுகின்றன. இத்தகைய கல்லை 1911-இல் காலியில் எந்நிலையில் கண்டெடுத்தார்கள் தெரியுமா? நீரோடும் மதகு ஒன்றின் மூடியாக! தமிழாசிரியன் என்ற முறையில் சற்று நேரம் நெஞ்சு நிமிர்ந்துதான் நின்றேன்.

மறுநாள் எனக்கு வேறு அலுவல் இல்லை. காலிக் கோட்டையின் மதிற்சுவர் மீது காலை இளவெயிலில் நடந்தேன். கலங்கரை விளக்கின் எதிரே, தொலைவிலிருந்து பார்ப்போர் தேவாலயம் என்றே எண்ணத்தக்க தோற்றத்தில் மீரான் பள்ளிவாசல் வெண்ணிறமாக நின்றது. பின்னர்ப் பேருந்து நிலையம் வந்தேன். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை வாரிச் சுருட்டிய நிலையம் அது. இப்போது கடலை விற்பவரின் கூவலும் நடத்துநரின் கூவலும் போட்டியிடுகின்றன.

மாத்தறைச் சாலை கடலை விட்டு விலக மனமில்லாதது போல் செல்கிறது. உணவட்டுனவில் வெளிநாட்டார் கூட்டம். அங்கே நான் இறங்கவில்லை. கொக்கலவில் இறங்கினேன். கரையோர நீரில் நட்ட கழிகளில், குறுக்குக் கட்டையின் மேல் அமர்ந்து, ஒரு கையால் கழியை அணைத்து மறுகையால் தூண்டில் பிடித்திருந்தனர் சிலர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் உணவுத் தட்டுப்பாட்டினால் பிறந்த வழக்கம் என்பர். ஒரு படம் எடுத்தேன். உடனே ஓர் இளைஞர் வந்து கையை நீட்டினார். கொடுத்தேன், ஆனால் மனம் கசந்தது. தொழிலை வேடமாக்கிவிட்டார்களே என்று எண்ணினேன்.

இளநீர்க் கடைக்காரர் அரைகுறைத் தமிழில் விளக்கினார். தம் அண்ணனும் இக்கழியில் அமர்ந்தவர்தாம். ஆழிப்பேரலைக்குப் பின் மீன் முன்போல் அகப்படாமையால் இன்று முச்சக்கர வண்டி ஓட்டுகிறார். மீன் தராத சோற்றைப் படம் தருகிறது, அவ்வளவுதான் என்றார். நாள் முழுவதும் உப்புக்காற்றில் அமர்ந்திருப்பவரிடம் வேடம் என்று சொல்ல, அரை மணி நேரத்தில் பேருந்தேறிப் போய்விடும் எனக்கு என்ன தகுதி? இளநீர் நன்றாக இருந்தது.

அகங்கம வழியே செல்கையில் தேங்காய் மட்டைகளை நீரில் ஊறவைத்திருந்த குழிகள் தென்பட்டன. அவற்றை அடித்துப் பிரிக்கும் நாரை இலங்கையில் தும்பு என்கிறார்கள். ஊறிய மட்டையின் வாடை பேருந்துக்குள்ளும் வந்தது. வாடைக்கு எந்த மொழியும் தேவைப்படவில்லை. என் ஊர்க் கடற்கரை நினைவுக்கு வந்தது.

வெலிகம என்பது ஊரின் இன்றைய பெயர். வாப்பாவின் வாயில் அது வெலிகாமம். சிங்களத்தில் மணலூர் என்று பொருள். அங்கே பள்ளிவாசல் ஒன்றல்ல என்பது இறங்கிய பின்னர்தான் தெரிந்தது. கேட்டுக் கேட்டு, பழைமையானது என்று பலர் கைகாட்டிய ஒன்றில் லுஹர் தொழுதேன். தொழுகை முடிந்ததும் முதியவர் ஒருவர் ஸலாம் கூறி, “ஒங்கட ஊர் எது மகன்?” என்றார். சொன்னேன்.

“கீழக்கரையா? கீழக்கரையார்ட கடையில பெருநாளைக்குப் புடவை எடுத்த கதைய எங்கட வாப்பா சொல்லுவாரு.”

என் நெஞ்சம் படபடத்தது. கடைக்காரரின் பெயரைக் கேட்டேன். “பேர் ஞாபகமில்ல மகன். அந்தக் காலம் ரெண்டு மூணு கீழக்கரையார் இருந்திருக்காங்க” என்றார். 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்திற்குப் பின் இந்திய வணிகர் பலர் ஊர் திரும்பிவிட்டனர். இப்போது அக்கடைகளின் இடத்தைக் காட்டவும் ஆள் இல்லை.

வீட்டுக்கு அழைத்துச் சென்று, பால் கலவாத தேநீரும் கடித்துக்கொள்ளக் கித்துல் கருப்பட்டியும் தந்தார். பத்து வயதுப் பேரன் அருகில் வந்து நின்றான். “என்ன வகுப்புப் படிக்கிறீர்கள்?” என்றேன். கேள்வி அவனுக்கு விளங்கியது. ஆனால் பாட்டனாரைப் பார்த்துச் சிங்களத்தில் விடையளித்தான். அவர் எனக்குத் தமிழில் சொன்னார். “பாடசாலையில சிங்களம். வேலைக்கும் அதுதானே வேணும். நான் பேசினா விளங்கும், வாயில வராது” என்றார். அதில் குறைபட்டுக்கொள்ளும் தொனி சிறிதும் இல்லை. ஊரில் என் பிள்ளைகள் ஆங்கிலவழியில் பயில்வது நினைவுக்கு வந்ததால் நானும் ஏதும் கூறவில்லை.

பேச்சை மாற்ற எண்ணி, மும்மொழிக் கல்வெட்டைப் பற்றிச் சொன்னேன். பொன், வெள்ளி, பட்டு எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டவர், வாசனை எண்ணெய் என்றதும் நிமிர்ந்தார். அவரும் நாற்பது ஆண்டு கடை நடத்தியவராம்.

“எண்ணெய் எவ்வளவு?”

“2,500 கட்டி. ஏறத்தாழ 1,500 கிலோ.”

“அது மொத்தக் கடைக் கணக்கு” என்று தலையசைத்தார்.

அஸருக்கு முன் மையவாடிக்கு அழைத்துச் சென்றார். தென்னை நிழலும் புல்லும் மணலுமாக இருந்தது. பழைய கபுறுகளில் பெயர் பொறித்த கற்கள் இல்லை. “பழைய ஆக்கள் எல்லாம் அந்தப் பக்கம்” என்று கைகாட்டினார். எந்த மேடு என் பாட்டனாருடையது என்பதை அறிய வழியில்லை. மண்ணறைவாசிகள் அனைவருக்குமாக ஸலாம் கூறித் துஆ ஓதினோம். தொப்பி அணிந்து உடன் வந்திருந்த சிறுவனும் எங்களோடு பிசகின்றி ஓதினான்.

சாலைக்கு வந்து வாப்பாவுடன் தொலைபேசியில் பேசினேன்.

“கபுறு தெரிந்ததா?”

“இல்லை வாப்பா. எல்லோருக்குமாகச் சொன்னேன்.”

மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு கேட்டார்: “அங்கிருந்து கடல் எவ்வளவு தூரம்?”

“அலைச் சத்தம் கேட்கிற தூரம்தான்” என்றேன்.

“அப்படித்தான் உம்மாவும் சொல்வார்கள்” என்றார்.

காலிக்குச் செல்லும் பேருந்து வந்துவிட்டது. முதியவரும் பேரனும் சாலையோரத்தில் நின்று கையசைத்தார்கள்.