வாகன யோகம்

தலைநகர் தில்லியில் குடியேறிய நம்மவர்க்குச் சொந்தமாக ஒரு கார் என்பது ஆடம்பரம் அன்று. பல வேளைகளில் அவசியம். மூச்சிரைப்பால் வருந்தும் அன்னையாரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் பொருட்டு, 2021ஆம் ஆண்டில் நாங்களும் ஒரு டீசல் கார் வாங்கினோம். எரிபொருட் செலவு குறையும் என்பது எங்கள் கணக்கு. மகளைப் பள்ளியில் விடவும் கடைவீதிக்குப் போகவும் அதுவே துணையாயிற்று.

முன்பு எங்களிடமிருந்த மாருதி 800 முரண்டு பிடித்தால், தெருமுனைச் சர்தார்ஜி கார்புரேட்டரைக் கழற்றித் துடைத்துக் கொடுப்பார். சில நூறு ரூபாயில் காரியம் முடியும். புதிய காரோ ஓராண்டு கழியுமுன் எச்சரிக்கை விளக்கை ஏற்றிக் காட்டியது. விற்ற நிலையத்தார் கணினியைப் பொருத்திப் பார்த்து, "புகை வடிகட்டி அடைபட்டுவிட்டது. மாற்ற ஒரு லட்சத்துக்கு மேலாகும், உத்தரவாதத்தில் சேராது" என்றனர். மகளின் மேற்படிப்புக்கெனச் சேர்த்து வரும் பணம் எங்கள் கண்முன் வந்து நின்றது.

சர்தார்ஜியிடம் முறையிட்டோம். "தினமும் எத்தனை தூரம் ஓட்டுகிறீர்கள், பாயிசாப்?" என்றார். மூன்று நான்கு கிலோமீட்டர் என்றோம். அவர் சிரித்துவிட்டார்.

நிற்க. 1-4-2020 முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த பி.எஸ்.6 விதிகளுக்கேற்ப, டீசல் கார்களின் புகைபோக்கும் குழாயில் கரித்துகளைப் பிடித்து வைக்கும் வடிகட்டி அமைக்கப்படுகிறது. சேர்ந்த கரி ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் எரிந்துபோக வேண்டும். வண்டி திறந்த சாலையில் சீராக ஓடினால் அது எளிதில் நிகழும். நெரிசலில் ஊர்ந்து, சூடேறுமுன் நின்றுவிடும் வண்டியில் கரி சேர்ந்துகொண்டே போகும்.

மறுநாள் விடியலில் அன்னையாரையும் ஏற்றிக்கொண்டு, யமுனா விரைவுச் சாலையில் நாற்பது நிமிடம் சீராக ஓட்டினோம். விளக்கு அணைந்தது! அன்னையார், "பாவம், அதற்கும் மூச்சு முட்டியிருக்கிறது" என்றார்.

அவர் போன்றோரின் மூச்சைக் காக்கவே அவ்வடிகட்டி வந்தது. ஆகவே அதனை நொந்து பயனில்லை. எங்கள் ஓட்டம் எத்தகையது என்று விற்றவர் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

கார் வாங்க எண்ணும் அன்பர்கள் அன்றாடம் ஓடும் தூரத்தை முதலில் கணக்கிடுவார்களாக. சிறு தூரமாயின் பெட்ரோல் வண்டியே நலம். விளக்கு எரிந்தால் நாள் கடத்த வேண்டா. கரி மிகுந்துவிட்டால் சாலை ஓட்டம் உதவாது. பணிமனையிலேயே எரித்து நீக்க வேண்டியிருக்கும். புதிய வடிகட்டிக்குப் பணம் கட்டுமுன், அவ்வாறு நீக்க இயலுமா என்று கேட்கத் தயங்காதீர்கள்.