ஓடுற வண்டி வேற... நிக்கிற வண்டி வேற! - பழைய பைக் வாங்கப் போறீங்களா?

எங்கள் ஊர் பொதட்டூர்பேட்டையில் எல்லோர் காதுக்கும் இரண்டு சத்தங்கள் பழக்கம். ஒன்று, விசைத்தறி. இன்னொன்று, பழைய டூ ஸ்ட்ரோக் பைக். ஒரு காலத்தில் நூல் மூட்டையையும் சேலைக் கட்டையும் சுமந்து திரிந்த வண்டிகள் அவை. இன்று அதே வண்டிகளைத் தேடி காலேஜ் பசங்க அலைகிறார்கள். 1985-ல் வந்து, 1996-ல் உற்பத்தி நின்றுபோன யமஹா ஆர்.எக்ஸ் 100-க்குத்தான் முதல் மவுசு. அடுத்து எஸ்டி, பழைய புல்லட். நல்ல நிலையில் இருக்கும் ஆர்.எக்ஸ் 100-க்குப் புது பைக் விலை சொல்கிறார்கள். அதற்கும் ஆள் இருக்கிறது.

ஆசையில் தப்பே இல்லை. அந்தச் சத்தத்தைக் கேட்டால் நானும் திரும்பிப் பார்ப்பேன். லீவுக்கு ஊருக்குப் போனால், தெரிந்த மெக்கானிக் அண்ணன் கடையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவது என் வழக்கம். பழைய வண்டிகளோடு வருகிற பசங்களைப் பார்த்து அவர் அடிக்கடி சொல்வது இதுதான்: "ஓடுதான்னு பார்க்கத்தாம்மா எல்லாரும் வராங்க. நிக்குதான்னு ஒருத்தனும் பார்க்கிறதில்ல."

புதிதாகப் பழைய வண்டி வாங்குபவர்கள் செய்கிற தவறுகள் பெரும்பாலும் இந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடும். கண்ணுக்குத் தெரிகிற பெயின்ட், சைலன்ஸர், சீட் கவருக்குச் செலவு செய்வார்கள். கண்ணுக்குத் தெரியாத பேப்பர், பிரேக், டயர், ஒயரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார்கள்.

பேப்பரில் யார் பெயர்?

என் பெரியப்பா தறிக்காரர். தன் பைக்கைத் தெரிந்த ஒருவருக்கு விற்றபோது, ஃபார்ம் 29, 30-ல் எதையும் நிரப்பாமல் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்தார். எங்கள் பக்கம் இது சாதாரணம். வாங்கியவர் பெயர் மாற்றவில்லை, இன்னொருவருக்கு விற்றார். அவர் வேறொருவருக்கு. சில வருடங்கள் கழித்து, எப்போதோ கைவிட்டுப்போன அந்த வண்டி மோதியதற்கு இழப்பீடு கேட்டு பெரியப்பாவுக்கு நோட்டீஸ் வந்தது. விபத்து நடந்த நாளில் வண்டிக்கு இன்ஷூரன்ஸும் இல்லை. வாய்தா, வக்கீல் என அலைந்து விஷயத்தை முடிப்பதற்குள், வைத்திருந்த இரண்டு தறிகளில் ஒன்றை விற்க வேண்டி வந்தது.

"வித்துட்டேன்னு சொன்னா கேட்க மாட்டாங்களா?" என்று பெரியம்மா அப்போது திரும்பத் திரும்பக் கேட்டார். கேட்க மாட்டார்கள். ஆர்.சி-யில் யார் பெயர் இருக்கிறதோ, சட்டத்தின் கண்ணுக்கு அவர்தான் உரிமையாளர். நவீன் குமார் எதிர் விஜய்குமார் வழக்கில், 2018-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்த வழக்கிலும் வண்டி பல கை மாறியிருந்தது. ஆனால், பொறுப்பு முதல் கைக்கே வந்தது.

அதனால், விற்பவர் 14 நாள்களுக்குள் ஆர்.டி.ஓ-வுக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்குபவர் 30 நாள்களுக்குள் தன் பெயருக்கு மாற்ற வேண்டும். "அப்புறம் மாத்திக்கலாம்" என்பவரிடம் வாங்கவும் கூடாது, விற்கவும் கூடாது. அதோடு, இன்ஷூரன்ஸ் உங்கள் பெயருக்கு வரும்வரை வண்டியை ரோட்டில் இறக்காதீர்கள்.

நகரி எங்களுக்குப் பக்கத்து ஊர் மாதிரி. அதனால் ஆந்திரா நம்பர் வண்டிகள் இங்கே சல்லிசாகக் கிடைக்கும். பிற மாநில வண்டியென்றால், அது பதிவான ஆர்.டி.ஓ அலுவலகத்தின் தடையில்லாச் சான்று, அதாவது ஃபார்ம் 28 இல்லாமல் இங்கே பெயர் மாற்றம் நடக்காது. கடனில் வாங்கிய வண்டியா, அது அடைக்கப்பட்டு ஆர்.சி-யில் நீக்கப்பட்டதா என்று பாருங்கள். பதிவு 15 வருடங்களுக்குத்தான் செல்லும். அதன்பிறகு 5 வருடங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், பசுமை வரியும் உண்டு. இதற்கான கட்டணம் 2022 ஏப்ரலில் 300 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயானது, அதன்பின் இன்னும் ஏறியிருக்கிறது. பரிவாகன் தளத்தில் இன்றைய கட்டணத்தைப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.

சூடான இன்ஜினை நம்பாதீர்கள்

வண்டி பார்க்கப் போனதும் முதலில் இன்ஜின் அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஏற்கெனவே சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். டீ குடித்துவிட்டு, ஆறிய பிறகு வாருங்கள். குளிர்ந்த இன்ஜின்தான் உண்மையைச் சொல்லும். ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியில் நீலப் புகை நிற்காமல் வந்தால் இன்ஜின் ஆயில் எரிகிறது. டூ ஸ்ட்ரோக்கில் கொஞ்சம் புகை சகஜம்.

சேஸிஸ் நம்பர்மீது பேப்பர் வைத்து பென்சிலால் தேய்த்து, ஆர்.சி-யோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். பின்னால் நின்று பார்த்தால் இரண்டு சக்கரங்களும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலைத் திருப்பும்போது நடுவில் எங்காவது சிக்கினால் கோன் செட் போயிருக்கிறது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருடத்தின் 23-வது வாரம் தயாரானது. பட்டன் நன்றாக இருந்தாலும், வயதான ரப்பர் வெடிப்புவிட்டு, பிடிமானம் போய்விடும்.

ஒரு நேரத்தில் ஒரு வேலை

வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றதும் யூடியூப் பார்த்து பிளக், காயில், கார்புரேட்டர் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிடுவார்கள். எதனால் கோளாறு வந்தது என்று கடைசிவரை தெரியாது. பெட்ரோல் வருகிறதா, பிளக்கில் பொறி வருகிறதா, காற்று போகிறதா... இந்த வரிசையில் ஒவ்வொன்றாகப் பாருங்கள். பிளக்கின் முனை இளம் பழுப்பு நிறத்தில் இருந்தால் நல்லது. கரியாக இருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு, இன்ஜின் அதிகம் சூடாகிறது.

கார்புரேட்டர் அடிக்கடி அடைத்தால் குற்றவாளி பெரும்பாலும் டேங்க்குக்குள் இருக்கும் துரு. இப்போது பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவிகிதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் டியூபையும் இளக்கிவிடும். மாதக்கணக்கில் ஓட்டாமல் வைக்கப்போகிறீர்கள் என்றால் டேங்க்கை அப்படியே விடாதீர்கள். பெட்ரோல் டியூபைப் புதிதாக மாற்றுங்கள், அது பெரிய செலவில்லை.

ஆர்.எக்ஸ் 100-ல் 2டி ஆயிலுக்குத் தனி டேங்க் உண்டு, பம்ப் அதை இன்ஜினுக்கு அனுப்பும். சிலர் அந்த பம்ப்பைக் கழற்றிவிட்டு, பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஓட்டியிருப்பார்கள். உங்கள் வண்டி எந்த ரகம் என்று தெரிந்துகொள்ளாமல் ஓட்டினால், ஆயில் இல்லாமல் பிஸ்டன் ஜாம் ஆகும். ஓடுகிற வேகத்தில் பின் சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

இன்னொன்று, செயின். இன்ஜினை ஓடவிட்டு, கியரில் போட்டு, துணியால் செயின் துடைக்கும் பசங்களைப் பார்த்தாலே எனக்குப் பகீரென்கிறது. ஓடுகிற மெஷினில் விரல் சிக்கினால் என்னவாகும் என்று எங்கள் தறி ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. சென்டர் ஸ்டாண்ட் போட்டு, இன்ஜினை அணைத்து, சக்கரத்தைக் கையால் சுற்றித் துடையுங்கள்.

பின் சீட்டில் யார்?

என் சித்தி பையன் ஆர்.எக்ஸ் 100 வாங்கியதும் முதல் வேலையாக சேலை கார்டைக் கழற்றினான். "லுக்கே இல்லக்கா" என்றான். அடுத்த வாரம் சித்தியை ஏற்றிக்கொண்டு கிளம்பியபோது முந்தானை பின் சக்கரத்தில் சுற்றியது. தெரு முனையில் மெதுவாகப் போன வண்டி என்பதால் முழங்கைச் சிராய்ப்போடு போயிற்று. பின் சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் தடுப்பும், கைப்பிடியும், கால் வைக்க இடமும் இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123-வது விதியே சொல்கிறது. அது அழகுக்காக வைத்ததில்லை.

ஓட்டும் விதமும் மாற வேண்டும். 2019 முதல் புது பைக்குகளில் ஏ.பி.எஸ் அல்லது சி.பி.எஸ் கட்டாயம். அதில் பழகிய கை, டிரம் பிரேக் வண்டியிலும் அதே தூரத்தில் நிற்கும் என்று நினைத்துவிடும். நிற்காது. ஆக்ஸிலரேட்டரை விட்டதும் இன்ஜினே வேகத்தைப் பிடித்து இழுப்பது டூ ஸ்ட்ரோக்கில் குறைவு. தேங்கிய மழைத் தண்ணீரில் இறங்கி ஏறினால் டிரம் நனைந்து பிரேக் பிடிக்காது. மெதுவாகப் போய், லேசாகப் பிரேக் பிடித்துப் பிடித்துக் காய வைக்க வேண்டும்.

திருவொற்றியூரில் தயாரான பழைய புல்லட்டுகளில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். அவசரத்தில் பழக்க தோஷத்தில் வலது காலை அழுத்தினால் பிரேக் பிடிக்காது, கியர்தான் மாறும். ஆளில்லாத மைதானத்தில் கால் பழகும்வரை ஓட்டிவிட்டு அப்புறம் திருத்தணி ரோட்டுக்கு வாருங்கள். பழைய வண்டிகள் சைடு ஸ்டாண்டை எடுக்க மறந்தாலும் பேசாமல் கிளம்பிவிடும். அதை ஞாபகப்படுத்த வேண்டியதும் நீங்கள்தான்.

வாங்கும் பணத்தை முழுதாக விலைக்கே கொடுத்துவிடாதீர்கள். கையில் மிச்சம் வையுங்கள். அதில் முதலில் பெயர் மாற்றம், இன்ஷூரன்ஸ். பிறகு பிரேக் ஷூ, கேபிள், டயர், செயின். அதன்பின் ஒயரிங். பெயின்ட் கடைசியில்தான்.

சித்தி பையன் வண்டியில் இன்றும் டேங்க் பெயின்ட் உரிந்துதான் கிடக்கிறது. ஆனால் பிரேக் புதுசு, டயர் புதுசு, ஆர்.சி அவன் பெயரில். சேலை கார்டு மறுபடி ஏறிவிட்டது. சென்ற ஆடிக் கிருத்திகைக்கு சித்தி அதில் உட்கார்ந்துதான் திருத்தணிக்குப் போய்வந்தார்.