கடைசியாக எது மாறியது?

ராத்திரி கம்ப்யூட்டரில் அப்டேட் ஏறியிருக்கும். காலையில் பார்த்தால் சத்தம் வராது. எங்கள் செங்கல்பட்டுப் பக்கம் இது இப்போது வீட்டுக்கு வீடு நடக்கிறது. ஆன்லைன் வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைக்கு வாத்தியார் வாயசைப்பது மட்டும் தெரியும். மாமல்லபுரத்துச் சிற்பப் பட்டறையில், வெளிநாட்டிலிருந்து வீடியோ காலில் வந்தவர் எந்த அளவில் சிலை கேட்கிறார் என்பதே விளங்காது.

உடனே நாம் என்ன செய்கிறோம்? ஸ்பீக்கரைத் தட்டுகிறோம். புது ஸ்பீக்கர் வாங்குகிறோம். கேம் விளையாடிக் கெடுத்துவிட்டான் என்று பையனைத் திட்டுகிறோம். கடைசியில் ஃபார்மட் அடித்து, வருஷக்கணக்கில் சேர்த்த போட்டோக்களை இழக்கிறோம். நேற்றுவரை நன்றாக இருந்ததில் கடைசியாக எது மாறியது என்று மட்டும் கேட்பதில்லை.

2018 அக்டோபரில் உலகம் முழுக்கப் பலருக்கு அப்டேட்டால் இப்படி நடந்தது. இன்டெல் நிறுவனத்தின் ஆடியோ டிரைவர் ஒன்று, அதாவது சத்தக் கருவியை இயக்கும் மென்பொருள், பொருந்தாத கம்ப்யூட்டர்களுக்கும் விண்டோஸ் அப்டேட் வழியாகத் தவறிப்போய் இறங்கிவிட்டது. விண்டோஸ் 10 வைத்திருந்த பலருக்குச் சத்தம் நின்றது. ஸ்பீக்கரிலும் குற்றமில்லை, வீட்டுப் பிள்ளையிடமும் குற்றமில்லை. அந்த டிரைவரை நீக்குவதற்கென்றே மைக்ரோசாஃப்ட் இன்னொரு அப்டேட் விட வேண்டியிருந்தது.

சரிசெய்யும் முறைக்குப் பெரிய படிப்பு வேண்டாம், வரிசை வேண்டும். முதலில் வயரையும் வால்யூமையும் பாருங்கள். அடுத்து, கீழே மூலையில் இருக்கும் ஸ்பீக்கர் படத்தை அழுத்தி, சத்தம் எதற்குப் போகிறது என்று பாருங்கள். அப்டேட்டுக்குப் பிறகு அது ஸ்பீக்கரை விட்டு மானிட்டருக்குப் போயிருக்கலாம். பிறகு ஒருமுறை ரீஸ்டார்ட். அதற்கும் வரவில்லையென்றால் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, சவுண்டு என்ற தலைப்பின் கீழ் உள்ள ஆடியோ கருவியின் பிராப்பர்ட்டீஸுக்குப் போங்கள். டிரைவர் பக்கத்தில் 'ரோல் பேக் டிரைவர்' என்ற பட்டன் இருக்கும். அதை அழுத்தினால் பழைய டிரைவர் திரும்பி வரும். பட்டன் மங்கலாக இருந்தால் திரும்பிப் போகப் பழையது இல்லை என்று பொருள். அப்போது அந்தக் கருவியை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். விண்டோஸ் தானே ஒரு டிரைவரைப் போட்டுக்கொள்ளும். அதுவும் உதவாவிட்டால், லேப்டாப் தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடலுக்கு உரிய டிரைவரை எடுத்துப் போடுங்கள். ஒவ்வொரு படியிலும் ஒன்றை மட்டும் மாற்றி, சத்தம் வருகிறதா என்று கேட்ட பிறகே அடுத்த படிக்குப் போக வேண்டும்.

இந்த நிதானம் ஏன் வேண்டும் என்று தெரிய, மாமல்லபுரத்தில் பிடாரி ரதங்கள் என்ற பல்லவர் காலத்து ஒற்றைக்கல் கோயில்களைப் போய்ப் பாருங்கள். மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டு வந்தவர்கள் பாதியில் நிறுத்தியிருக்கிறார்கள்; மேலே விமானம், கீழே வெறும் பாறை. கல்லில் பெயர்த்த சில்லைத் திரும்ப ஒட்ட முடியாது. அதனால்தான் சிற்பி ஒவ்வோர் அடிக்கும் முன்னால் நின்று பார்க்கிறார். கம்ப்யூட்டர் நமக்குத் திரும்பிப் போக வழி வைத்திருக்கிறது. வழி இருந்தும் பதற்றத்தில் அதை நாமே அடைத்துவிடுகிறோம்.

குடும்பத்திலும் இதைத்தான் பார்க்கிறேன். கலகலவென்று இருந்த பிள்ளை திடீரென்று பேச்சைக் குறைத்துக்கொள்கிறான். பெற்றோர் ஒரே மாதத்தில் பள்ளியை மாற்றி, டியூஷனை மாற்றி, கையிலிருந்த போனையும் பிடுங்கிவிடுகிறார்கள். எது நோய், எது மருந்து என்று பிறகு யாருக்கும் தெரியாமல் போகிறது. போன மாதம் அவன் உலகத்தில் எது மாறியது? நண்பன் ஊர் மாறிப் போனானா? வகுப்பில் யாராவது கேலி செய்தார்களா? பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் பிள்ளை சொல்லிவிடுவான். கணவன் மனைவி மனவருத்தத்துக்கும், வியாபாரத்தில் வரும் சரிவுக்கும் இதே கேள்வி பொருந்தும்.

ஆகவே இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஏதாவது கெட்டுப்போனால் ஆளைத் தேடாதீர்கள், மாற்றத்தைத் தேடுங்கள். மாற்றியதை ஒரு நோட்டில் தேதியோடு எழுதிவையுங்கள். ஒன்றைச் சரிசெய்து பார்த்த பிறகே அடுத்ததில் கை வையுங்கள். முக்கியமாக, புதியது ஒழுங்காக வேலை செய்கிறது என்று தெரியும்வரை பழையதைத் தூக்கி எறியாதீர்கள்.