கித்தான் கூடாரமும் ஒரு ஓட்டையும்

"இவனுக்கும் வேட்டைக்கும் என்ன சம்பந்தம்?"னு கேட்காதீங்க மக்களே. எனக்குத் துப்பாக்கி பிடிக்கவே தெரியாது. ஆனா அமெரிக்காவில் மொன்டானா, கொலராடோ மலைகளுக்கு அக்டோபர், நவம்பர் பனியில் எல்க் மான் வேட்டைக்குப் போறவங்க கூடாரம் தேர்ந்தெடுக்கிற விதம் எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு.

நைலான் கூடாரம் லேசு, முதுகிலேயே சுமக்கலாம். ஆனா நாம விடுற மூச்சு உள்பக்கம் துளித்துளியா கோத்துக்கும். பருத்திக் கேன்வாஸ், அதாவது நம்ம கித்தான், அந்த ஈரத்தை வெளியே விட்டுடும். இது முக்கியம். நனைஞ்ச துணி உடம்புச் சூட்டை உறிஞ்சிடும். அதைக் காயவைக்கத்தான் உள்ளே விறகடுப்பு, கூரையில் புகைக்குழாய்க்கு ஓர் ஓட்டை.

சதுர கெஜத்துக்கு 10 அவுன்ஸ் துணியா, 12 அவுன்ஸா? 12 நல்லா உழைக்கும். ஆனா தூக்க வண்டியோ கோவேறு கழுதையோ வேணும். கூரைமேல் பனி சேரும், அதனால இரும்புக்குழாய்ச் சட்டம் நல்லது.

என்னைக் கேட்டா, முதல்ல பார்க்க வேண்டியது காற்றுத் துவாரம். கதகதப்புக்காக எல்லாத்தையும் இறுக்கி மூடிட்டு அடுப்போட தூங்கினா, கார்பன் மோனாக்சைடு வாசனையே காட்டாம ஆளை முடிச்சிடும். கொஞ்சம் குளிர் உள்ளே வரட்டும், பரவாயில்லை. காலையில எழுந்திருக்கணும் இல்லையா? :-)