வலமிருந்து வாசித்த ஒரு வரி

 

போன கிழமை உயர்தர வகுப்பில் பைதன் படிப்பித்தேன். புள்ளி அட்டவணையை ஒழுங்காக அச்சிட ஒரு வரி எழுதினேன். தமிழ் எழுத்தில் சொன்னால்:

புதுவரி.ஜொயின்(கமா.ஜொயின்(வரிசை) ஃபோர் வரிசை இன் அட்டவணை)

"சேர், ரெண்டு ஜொயின் இருக்கே, எது முதல்ல நடக்கும்?" என்று பின் வாங்குப் பிள்ளை கேட்டா. எனக்கே தெளிவில்லை. நான் கணித ஆசிரியர், ஆள் இல்லாததால் இந்தப் பாடமும் என் தலையில். "அது அப்படித்தான், பாடமாக்குங்க" என்றேன். அதன் பிறகு அந்தப் பிள்ளை ஒன்றுமே கேட்கவில்லை. அது என்னைச் சுட்டது.

இஷா தொழுதுவிட்டுக் கணினியைத் திறந்தேன். முதலில் பிழை காட்டியது. ஜொயின் எழுத்துச் சரங்களைத்தான் கோக்கும், நான் கொடுத்தது எண்கள். அவற்றைச் சரமாக மாற்றியதும் வந்தது:

72,65,80
58,91,44

வயலில் மூன்று பாத்திக்கு நடுவில் இரண்டு வரம்புதானே. கமாவும் அப்படித்தான், கடைசியில் மிஞ்சாது.

பிறகு அந்த வரியை வலமிருந்து இடமாக வாசித்தேன். "அட்டவணையிலுள்ள ஒவ்வொரு வரிசையையும் எடுத்து, கமாவால் கோத்து, எல்லாவற்றையும் புதுவரியால் கோ." அசல் தமிழ் வசனம்! மத்ரஸாவில் வலமிருந்து ஓதிப் பழகிய எனக்கு இது இவ்வளவு நாளும் விளங்கவில்லையே.

சதுர அடைப்பில்லாத அந்த உள்பகுதிதான் ஜெனரேட்டர் எக்ஸ்பிரஷன். 2004இல் வந்த பைதன் 2.4இலிருந்து இருக்கிறது. முழுப் பட்டியலையும் முன்கூட்டியே செய்து வைக்காது, கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகத் தரும். ஆனால் ஜொயின் எல்லாவற்றையும் வாங்கிச் சேர்த்து வைத்துக்கொண்டுதான் கோக்கும். அதனால் இந்த இடத்தில் நினைவகம் மிச்சமாகும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லாதீர்கள். எழுதவும் வாசிக்கவும் சுருக்கம், அவ்வளவுதான்.

அடுத்த நாள் வகுப்பில், "நேற்று எனக்குத் தெரியாது, அதை மறைத்தேன், மன்னிச்சுக்கொள்ளுங்க" என்றேன். உள் ஜொயின் ஒவ்வொரு வரிசைக்கும் முதலில் முடியும், வெளி ஜொயின் கடைசியில் என்று விளக்கினேன். அந்தப் பிள்ளை கையை உயர்த்தினா: "அப்ப சேர், மூன்று ஜொயின் போட்டா?"

அல்ஹம்துலில்லாஹ். திரும்பவும் கேட்கத் தொடங்கிவிட்டா.

பெற்றோரே, பிள்ளை வகுப்பில் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டால் எங்களிடம் வந்து சொல்லுங்கள். பிழை எங்கள் பக்கமாகவும் இருக்கலாம்.